கேள்வியும் கேண்மையும்

கேள் என்னும் சொல் தமிழில் மூன்று பொருள் தரும். வினைப்பகுதியாய் நின்று வினவுதலையும் செவிமடுத்தலையும் உணர்த்தும். பெயராய் நின்று உறவினையும் நட்பினையும் உணர்த்தும். கேள்வி, கேளிர், கேண்மை என்பன ஓசையால் ஒரு குடும்பத்தன. இம் மூன்று பொருளும் ஓரொலியில் வந்து கூடியது வேர் ஒற்றுமையாலோ தற்செயலாலோ என்பதை மொழிநூலார் ஆராய்க. முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இச்சொல்லை எழுதி விளக்கிவரும் எனக்கு, ஒன்றை விட்டு மற்றொன்று தனித்து நில்லாது என்னும் உண்மை விளங்கியது வகுப்பறையில் அன்று. சென்ற ஆண்டு கண்டி நகரை அடுத்த ஒரு பொலிஸ் நிலையத்தின் வாங்கிலே காத்திருந்த பொழுதுதான் விளங்கிற்று.

அங்கு யான் சென்றது என் பழைய மாணாக்கி ஒருத்திக்குத் துணையாக. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்பொழுது வயது முப்பத்தொன்று. ஒரு கடையிற் கணக்கெழுதுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில் வாயிலில் என்னைக் கண்டு, "ஐயா, உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்" என்றாள். பேசவில்லை, அழுதாள். பின்னும் இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழிந்த பிறகே பேசினாள். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரை, தன் வீட்டிலேயே, மாமா என்று தான் அழைத்த ஒருவரால் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பொலிசாரிடம் முறையிட விரும்புவதாகக் கூறினாள். நேர்ந்தவற்றை ஈண்டு எழுதேன், அவை அவளுக்குரியவை. அவளை எவரும் இனங்காணாதவாறு சில விவரங்களையும் மாற்றியிருக்கின்றேன். அவள் இசைவு பெற்று யான் எழுதப் புகுவது அவளிடம் கேட்கப்பட்ட வினாக்களைப் பற்றியே.

முதன்முறை சென்ற நிலையத்தில், வாயிலை அடுத்த மேசையிலேயே விசாரணை தொடங்கிற்று. பக்கத்தில் மாடு களவுபோனவர் ஒருவர். பின்னால் அடையாள அட்டை தொலைத்த இளைஞர் இருவர். "எப்ப நடந்தது? எத்தனை தரம்? திகதி தெரியுமா? ஏன் அப்பவே சொல்லல்ல? இத்தனை வருசம் சும்மா இருந்திட்டு இப்ப என்ன? காணிப் பிரச்சினை ஏதும் இருக்கா?" இவை அடுக்கி வந்த வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் விடை வருமுன் அடுத்தது வந்தது. அவள் தமிழிற் சொன்னதை ஒருவர் சிங்களத்திற் சொல்ல, மற்றொருவர் சிங்களத்தில் எழுதினார். அரைமணி நேரம் அவள் தடுமாறிச் சொன்னவை ஆறு வரியாயின. அந்த ஆறு வரியும் மீண்டும் அவளுக்குத் தமிழில் வந்தபொழுது இரண்டு வாக்கியமாகச் சுருங்கின. கையொப்பமிடாமல் எழுந்து வந்துவிட்டாள். பின்னர் ஐந்து மாதம் அவள் என் கண்ணிற் படவேயில்லை.

அந்த உத்தியோகத்தரை யான் தூற்றவில்லை. அவர் கொடியவருமல்லர். களவுபோன மாட்டைப் பற்றி எப்படிக் கேட்டுப் பழகினாரோ அப்படியே கேட்டார். மாட்டைப் பற்றிய விசாரணையில் திகதியும் எண்ணிக்கையுமே முதன்மையானவை; மாட்டுக்கு உரியவர் தம் மாடு களவு போனமைக்காக நாணுவதில்லை. இளமையில் இழைக்கப்பட்ட கொடுமையை இருபது ஆண்டின் பின் சொல்ல வருபவரோ, குற்றம் செய்தவன் சுமக்கவேண்டிய நாணத்தைத் தாம் சுமந்துகொண்டு வருகின்றனர். முதல் வினா எதுவாக இருப்பினும், "நீ சொல்வதை இவர்கள் நம்புவார்களா?" என்ற வினாவே அவர் செவியில் ஒலிக்கின்றது. அதற்கு விடை கிடைக்குமுன் வேறெந்த வினாவுக்கும் அவரால் விடை கூற இயலாது.

ஐந்து மாதம் என்றேன். அந்த ஐந்து மாதத்தின் விலையை எனக்கு உணர்த்தியவர் ஒரு சட்டத்தரணி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தன் 456ஆம் பிரிவில், கொலையும் இராசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு, தனியே விதி வகுக்கப்பட்டிருந்தாலன்றி, குற்றம் நிகழ்ந்து இருபது ஆண்டு கழிந்தால் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போம் என்று விதித்தது. கணக்கிட்டுப் பாருங்கள். முப்பத்தொரு வயதினள் முறையிடப் போகும்பொழுது, ஒன்பதாம் வயதிலும் பத்தாம் வயதிலும் நிகழ்ந்தவை இவ்விதியின் கண்ணுக்கு ஏற்கெனவே மறைந்துவிட்டன. இறுதி ஆண்டில் நிகழ்ந்தவையே எஞ்சி நின்றன; அவையும் மாதந்தோறும் தேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கடுமொழி வினாவால் அவள் வாய் அடைந்திருந்த ஐந்து மாதமும் குற்றவாளிக்கு இலாபமாயின.

இருபது ஆண்டு நெடுங்காலம் அன்றோ எனின், அன்று என்கின்றது அனுபவம். அவுஸ்திரேலியாவில் நிறுவனங்களிற் சிறுவர்க்கு இழைக்கப்பட்ட பாலியற் கொடுமைகளை ஆராய அமைந்த அரச ஆணைக்குழு 2013ஆம் ஆண்டு தொடங்கி 2017 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆணையாளர்களுடன் தனி அறையில் அமர்ந்து தம் கதையைக் கூறினர். முதன்முதல் ஒருவரிடம் வாய்திறக்க அவர்களுக்குச் சராசரியாகச் சென்ற காலம் 23.9 ஆண்டு. இருபது ஆண்டிற் கதவை அடைக்கும் சட்டம், அந்தச் சராசரி மனிதர் வாயிலை அடையுமுன்னரே தாழிட்டுவிடுகின்றது. இங்கிலாந்தில் இத்தகைய பாரிய குற்றங்களுக்குக் கால எல்லையே இல்லை. இந்தியாவிலும் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொதுக் கால எல்லை கிடையாது. பிள்ளைப் பருவத்துக் கொடுமைகளைப் பொறுத்தவரை இருபதாண்டு எல்லைக்கு நியாயம் காண்பது அரிது.

நிற்க. யான் சட்டம் படித்தவன் அல்லன், இலக்கணம் படித்தவன். வினா என்பது இலக்கண ஆசிரியனுக்கும் உரிய பொருளாதலின் என் துறையில் நின்று சில கூறுவல்.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தினார். விடை தமக்குத் தெரிந்திருந்தும் பிறனைச் சோதிக்க வினவுவது அறிவினா. ஆசிரியன் மாணாக்கனைக் கேட்பது போல்வது. தெரியாமையால் தெரிந்துகொள்ள வினவுவது அறியாவினா. இதுவோ அதுவோ என வினவுவது ஐயவினா. ஒன்றைப் பெற்றுக்கொள்ள வினவுவது கொளல்வினா. ஒன்றைக் கொடுத்தற்பொருட்டு வினவுவது கொடைவினா. ஒன்றைச் செய்விக்க வினவுவது ஏவல்வினா. மாணாக்கர் இவ்வாறையும் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுவர். இவை மனித உறவின் ஆறு நிலைகள் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதல் நிலையத்திற் கேட்கப்பட்டவற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். "காணிப் பிரச்சினை ஏதும் இருக்கா?" என்பது அறியாவினாப் போலத் தோன்றினும் அறிவினாவே, வினவியவர் விடையைத் தம் உள்ளத்தில் முன்னரே எழுதிவைத்துக்கொண்டார். "ஏன் அப்பவே சொல்லல்ல?" என்பது வடிவால் வினா, பொருளாற் கண்டனம். "அது இரவா, பகலா?" என்பது ஐயவினா. பத்து வயதுப் பிள்ளை திரை மூடிய அறையில் இரவும் பகலும் அறியாதிருந்திருக்கலாம். ஆயினும் இரண்டில் ஒன்றைச் சொன்னாலன்றி அதிகாரி விடார் என்று அஞ்சி ஒன்றைச் சொல்வாள். மறுமுறை மற்றதைச் சொல்வாள். நீதிமன்றில் அந்த முரண்பாடு ஒன்றே அவளைப் பொய்யளாக்கப் போதும். பொய்யை விளைத்தது வினா; பழி சுமப்பவள் விடையளித்தவள்.

இனி இரண்டாம் முறையைக் கூறுகின்றேன். ஐந்து மாதத்தின் பின் அவள் தானாகவே வந்து, "இன்னொரு தடவ போவோம் ஐயா" என்றாள். வேறொரு நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்தவர் நடுவயதுடைய சிங்களப் பெண் சார்ஜன்ட். எங்களைக் கண்டதும் எழுந்து, உள்ளேயிருந்த சிறு அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். அரைகுறைத் தமிழில் அவர் கேட்ட முதல் வினா, "தங்கச்சி, தேத்தண்ணி குடிப்பமா?" என்பது. இரண்டாவது, "சேர் உள்ளுக்கு இருக்கவா, வெளியில இருக்கவா? நீங்க சொல்லுங்க" என்பது. இரண்டும் கொடைவினா. அவள் என்னை வெளியே இருக்கச் சொன்னாள். யான் வெளியே வாங்கில் அமர்ந்தேன். பிறகு நிகழ்ந்ததை அவள் வழியில் எனக்குச் சொன்னாள்.

அன்று அந்தச் சார்ஜன்ட் குற்றத்தைப் பற்றி ஒரு வினாவும் கேட்கவில்லையாம். தம் பெயரைச் சொன்னார். தாம் என்ன எழுதுவார், அதை எவரெவர் வாசிப்பர், பிறகு என்ன நிகழும் என்பவற்றை விளக்கினார். "என் தமிழ் போதாது, நீங்கள் சொல்வதை நான் பிழையாக எழுதக்கூடாது. வியாழக்கிழமை தமிழ் உத்தியோகத்தர் ஒருவரை வரவழைக்கிறேன், அவரும் பெண்தான். அன்று தமிழிலேயே எழுதுவோம்" என்றார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், நாங்கள் பிழையாக விளங்கினால் திருத்துங்கள், போதும் என்றால் நிறுத்துவோம்" என்றும் சொன்னாராம். பின் அவள் வேலையைப் பற்றியும் பேருந்துப் பயணத்தைப் பற்றியும் கேட்டு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை அவள் பேசத் தொடங்கியபொழுது, "தொடக்கத்திலிருந்து, உங்களுக்கு வசதியான மாதிரி, எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்ற ஒன்றே வினாவாக இருந்தது. அஃது அறியாவினா. அதற்கு விடை இரண்டு மணி நேரம் ஓடிற்று. இடையில் எவரும் குறுக்கிடவில்லை. முடிவில், "இனி எப்படி வீட்டுக்குப் போவீர்கள்? இன்று இரவு துணைக்கு யார் இருக்கிறார்?" என்று கேட்டனர். மீண்டும் கொடைவினா. கொடையிற் தொடங்கி, அறியாமையில் நடந்து, கொடையில் முடிந்தது விசாரணை.

அந்தச் சார்ஜன்ட் நன்னூல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் செய்தவை உலகெங்கும் ஆராய்ந்து கண்ட முறையோடு பெரிதும் ஒத்தவை. 1980களில் அமெரிக்க உளநூல் அறிஞராகிய பிஷரும் கைசல்மனும், சாட்சியின் நினைவை அவர் போக்கிலேயே விரிய விடும் வினாமுறை ஒன்றை வகுத்தனர். வன்முறையாற் பெற்ற வாக்குமூலங்களால் நிரபராதிகள் சிறைப்பட்ட வழக்குகள் பல வெளிப்பட்ட பின், இங்கிலாந்துப் பொலிசார் 1990களின் தொடக்கத்தில் ஐந்து படிகள் கொண்ட புதிய விசாரணை முறையைக் கைக்கொண்டனர். முன்கூட்டி ஆயத்தம் செய்தல், உறவு பேணி விளக்கம் கூறுதல், வரலாற்றைக் கேட்டல், முறையாக முடித்தல், பின்னர் மதிப்பிடுதல் என்பன அவை. ஐக்கிய நாடுகள் சபையில் சித்திரவதை பற்றிய விசேட அறிக்கையாளராக இருந்த குவான் மெண்டெசின் முயற்சியால் 2021இல் வெளியான நெறிமுறைகளும், வற்புறுத்தலற்ற, நல்லுறவின்மேல் அமைந்த விசாரணையே உண்மையைத் தரும் என்று கூறுகின்றன.

நீண்டகாலம் தொடர்ந்த கொடுமையை நினைவு எவ்வாறு வைத்திருக்கின்றது என்பதையும் அறிஞர் கண்டிருக்கின்றனர். நூறு முறை நிகழ்ந்தது ஒன்று நூறு தனி நினைவாக நிற்பதில்லை. "எப்பவும் அப்படித்தான்" என்ற ஒரே பொது நினைவாகத் திரண்டுவிடுகின்றது. நாம் நாள்தோறும் நடந்துபோகும் பாதையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். எந்தச் செவ்வாய்க்கிழமை எந்த வளைவில் யாரைக் கண்டோம் என்று கேட்டால் நாமும் விழிப்போம். ஆகவே "எத்தனை தரம்?" என்ற வினா பயன் தராது. "முதன்முறை எது? கடைசி முறை எது? மிக நன்றாக நினைவிருக்கும் ஒரு நாள் எது?" என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்லவிடல் வேண்டும். திகதி தெரியாதவளுக்கு அந்த ஆண்டின் பாடசாலை வகுப்பு தெரியும்; பெய்த மழை தெரியும்; வீட்டிற் பிறந்த தங்கையின் வயது தெரியும். சட்டம் நாடும் காலம் அவற்றின் வழியே வந்து சேரும்.

இங்கு ஒரு தடை எழும். பொலிசார் நீதிக்குப் பொதுவானவர். முறையிடுவோரிடம் உறவு கொண்டாடின் குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு அநீதி ஆகாதோ? இத் தடை அற்பமானதன்று. 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் பாலர் பாடசாலையைப் பற்றி எழுந்த வழக்கில், பரிவு காட்டுவதாக எண்ணி, விடைகளை வினாவிலேயே வைத்துப் பிள்ளைகளைக் கேட்டனர். பெருஞ் செலவில் ஆண்டுக்கணக்காக நடந்த வழக்கு 1990இல் ஒருவர்மீதும் குற்றத் தீர்ப்பின்றி முடிந்தது. எந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது, நேரவில்லை என்பதை இனி எவராலும் பிரித்தறிய முடியாதபடி வினாக்களே சாட்சியைக் கலக்கிவிட்டன.

ஆயின் இது கேண்மைக்கு எதிரான சான்று அன்று. அறிவினாவுக்கு எதிரான சான்று. "மாமா இன்ன செய்தாரல்லவா?" என்று பரிவோடு கேட்பதும், "பணத்துக்காகத்தானே வந்தாய்?" என்று கடுமையோடு கேட்பதும் ஒரே இனம், இரண்டிலும் வினவுவோன் விடையைக் கையில் வைத்திருக்கின்றான். கேண்மை என்பது ஒத்துப் பாடுதல் அன்று. அஞ்சாமற் பேச இடம் தருதல். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் துணிவைத் தருதல். பேசுவோர் சொல்லைப் பேசுவோர் சொல்லாகவே வாங்கிக்கொள்ளுதல். அச்சம் தீர்ந்து தன் சொல்லாற் பேசியவளின் வாக்குமூலம், குற்றமற்றவன் ஒருவன் மீது பழி வரின் அவனுக்கும் காவலாகும். அவசரத்தில் நிரப்பிய ஆறு வரியோ இருவருக்கும் பகை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலைக் கூறினார். அவையிற் சொல்லத்தகாததை மறைத்துக் கூறும் மரபு அது. நம் பெண்களும், ஏன் ஆண்களும், இத்தகைய கொடுமையை இடக்கரடக்கலிலேயே சொல்வர். "தொந்தரவு பண்ணினார்", "தப்பா நடந்தார்", "என்னைக் கெடுத்திட்டார்" என்பனவற்றுள் ஒவ்வொன்றும் ஒருவர்க்கு ஒரு பொருள், மற்றவர்க்கு வேறொரு பொருள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவைக்குச் செய்த திருத்தம் இக்குற்றங்களை வேறுவேறு பெயரும் வேறுவேறு தண்டனையும் தந்து பிரித்திருத்தலின், எது நிகழ்ந்தது என்று தெளிதல் இன்றியமையாதது. அதனை வினவுவோர், தம் சொல்லைப் புகுத்தாமல், "கெடுத்தார் என்று நீங்கள் சொல்வது என்ன? அவர் என்ன செய்தார்?" என்று அவள் சொல்லையே திருப்பிக் கொடுத்துக் கேட்டல் வேண்டும். இதனை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழி, மேசையடியில் நின்று, ஐந்து நிமிடத்திற் செய்து முடித்தல் ஒல்லுமோ?

இன்னொன்று. என் மாணாக்கி அந்த மனிதரை இறுதிவரை "மாமா" என்றும் "அவர்" என்றும் மரியாதைப் பன்மையிலேயே குறித்தாள். முதல் நிலையத்தில் ஒருவர் இதனைக் கேட்டு முறுவலித்தாராம். கொடியவனை இப்படியுமா சொல்வார் என்று அவர் ஐயுற்றார் போலும். நம் வீடுகளிற் பிள்ளைக்கு நாப்பழக்கமாகிவிட்ட உறவுப்பெயரும் உயர்வுச்சொல்லும் இருபது ஆண்டானாலும் மாறா. அவை அன்பைக் காட்டுவன அல்ல, அதிகாரத்தைக் காட்டுவன. அதுபோலவே, முப்பது வயதுப் பெண்ணை "நீ" என்று விளிக்கும் அதிகாரி, அவளைக் கணநேரத்தில் மீண்டும் பத்து வயதினளாக்கி, பெரியவர் முன் நடுங்கி நின்ற அந்த மூலைக்கே அனுப்பிவிடுகின்றார். "நீங்கள்" என்ற ஒரு சொல்லுக்குத் திறைசேரியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. வாக்குமூலத்தை அளித்தவருக்கு வாசித்துக் காட்டி, எழுதிய மொழி அவருக்கு விளங்காதாயின் விளங்கும் மொழியிற் சொல்லி, திருத்தவும் கூட்டவும் இடங்கொடுக்க வேண்டும் என்று நடவடிக்கைமுறைச் சட்டமே கூறுகின்றது. பாதிக்கப்பட்டோரை மதிப்போடும் அந்தரங்கம் பேணியும் நடத்த வேண்டும் என்ற நோக்கோடு 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. சிறுவரின் முதல் உரையாடலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999இலேயே வழி வகுத்தனர். ஆகவே ஏட்டில் நமக்குக் குறைவு மிக இல்லை. கலகாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வரும் ஒருத்திக்கு, கதவுள்ள ஓர் அறையும், தன் மொழியில் எழுதக்கூடிய ஒருவரும், முதலிலிருந்து முடிவுவரை மாறாத ஒரே முகமும் கிடைத்தல்தான் குறை. வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்னும் பெயரால் வன்முறைக்குள்ளானோருக்கு இடம் அமைத்திருக்கின்றனர். அழகிய பெயர். பொலிஸ் நிலையத்திலும் அப்பெயருக்குரிய ஓர் அறை ஏன் இருத்தலாகாது?

இவ்வளவும் பிறர்மேல் வைத்துப் பேசினேன். இனி என்மேல் வைத்து ஒன்று சொல்லி முடிக்கின்றேன். சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

நன்னூலார் விடையை எண்வகைப்படுத்தினார். அவற்றுட் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர்விடை. ஏனைய ஐந்தும் நேரே விடை கூறாவிடினும் விடையைக் குறிப்பால் உணர்த்துவன. இதனையும் யான் ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபொழுது பாடசாலை விட்ட பின்னும் வகுப்பிலேயே தங்கிவிடுவாள். கரும்பலகையைத் துடைப்பாள், துடைத்ததையே மீண்டும் துடைப்பாள். ஒரு நாள், "ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை?" என்று கேட்டேன். "அம்மா ஆறு மணிக்குத்தான் வருவாங்க ஐயா" என்றாள். யான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறொன்று என்று எனக்குத் தோன்றிற்று. "கேட்டதற்கு நேரே பதில் சொல்லப் பழகு" என்று கண்டித்து, பையை எடுத்துக் கையிற் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

சென்ற ஆண்டு அந்த வாங்கில் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரமும் என் செவியில் ஒலித்தது அந்த விடைதான். குறிப்பு விடைக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எந்த உரையாசிரியரும் தந்ததில்லை. எண்வகை விடையையும் அன்று காலையில் வேறொரு வகுப்புக்குக் கற்பித்திருக்கவும் கூடும். முதல் நிலையத்து உத்தியோகத்தர் ஐந்து மாதத்தைப் போக்கினார். பண்டிதனாகிய யான் போக்கியது இருபது ஆண்டு. அவள் இதனை நினைவில் வைத்திருக்கின்றாளோ என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அவளுடைய வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட்டு, அவளாலேயே வாசிக்கப்பட்டு, இரண்டிடத்தில் அவளாலேயே திருத்தப்பட்டுக் கையொப்பம் பெற்றது. கோவை இப்பொழுது சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருக்கின்றது. வழக்கு எழுமோ, எழுந்தால் எவ்வாறு முடியுமோ யான் அறியேன். ஆயினும் வியாழக்கிழமை மாலை அந்த அறையைவிட்டு வந்தபொழுது அவள் சொன்னது இது: "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவங்க பேனையைக் கூட எடுக்கல்ல ஐயா."

ஆசிரிய அன்பர்களே, பொலிசாருக்குப் பயிற்சி அளியுங்கள் என்று அரசைக் கேட்போம். பிள்ளைப் பருவத்துக் கொடுமைகளுக்கு இருபதாண்டு எல்லையை நீக்குங்கள் என்றும் கேட்போம். அதற்கு முன், நாளை திங்கட்கிழமை, வகுப்பு முடிந்தும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை ஒன்றை நம்முள் யாரேனும் காணக்கூடும். அப்பிள்ளையிடம் ஏன் என்று கேளாதீர்கள். தேநீர் குடிப்போமா என்று கேளுங்கள். கேட்டபின் பக்கத்தில் அமர்ந்து, நேரம் எவ்வளவு ஆயினும், கேளுங்கள்.